‘அனுப்பியாயிற்று’ என்றது மெஷின்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை. மத்தியானம் இரண்டு நாற்பது.

நேரம் எப்படி இவ்வளவு சரியாக ஞாபகம் இருக்கிறது என்கிறீர்களா? அந்த மெசேஜ் இன்னும் என் போனில் இருக்கிறது. அழிக்க மனம் வரவில்லை.

அனுப்பியது என் மகள் தர்ஷினி. வட்டவளைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் டீச்சர். கிழமை நாட்களில் அங்கேயே லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், அறை எடுத்துத் தங்குகிறாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஹட்டனுக்கு, எங்களிடம் வருவாள்.

“அம்மா, சரியான மழை. ஸ்கூல் விட்டாச்சு. காலையிலேருந்து சிக்னல் வந்து வந்து போகுது. மழைக்காவல் ஒண்ணும் சொல்லல, அதனால பயமில்ல. சும்மா கோல் எடுத்து எடுத்துப் பதறாதீங்க.”

நான் பதறுகிறவள்தான். மகள் பஸ் ஏறினால் இறங்கும்வரை ஜன்னலோரம் நிற்கிறவள் என்று இதே பத்தியில் எழுதி, உங்களில் பாதிப் பேரிடம் கிண்டல் வாங்கியவள். ஆனால் அன்று என்னை உலுக்கியது மழை இல்லை. மழை எங்களுக்குப் புதிதா? அந்தப் பெயர்தான் — மழைக்காவல்.

அந்த மெஷின் பேசாமல் இருந்தால் அதற்கு எந்த அர்த்தமும் கிடையாது என்று தெரிந்தவர்கள் அன்றைக்கு இந்த உலகத்திலேயே இரண்டு பேர். ஒருத்தி நான்.

கொஞ்சம் விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் பாடம் எடுப்பது போக எனக்கு இன்னொரு வேலை உண்டு. சம்பளமில்லாத வேலை. காசு கொடுக்காமல் யாரும் எடுத்துப் போட்டுக்கொள்ளக்கூடிய ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம். பல நாட்டுக்காரர்கள் ஓய்வு நேரத்தில் சேர்ந்து உருவாக்குவது. தான் எழுதிய மென்பொருளைப் பேக்கேஜாகக் கட்டி, ‘இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று யாரும் அனுப்பலாம். ஆனால் அனுப்பியவரே அதைப் பாஸ் பண்ண முடியாது. சம்பந்தமில்லாத இன்னொருவர் ஓட்டிப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். அப்படிப் பார்ப்பவர்களில் நானும் ஒருத்தி.

லைசன்ஸ் சரியா? புதிதாகத் துடைத்து வைத்த கம்ப்யூட்டரில் ஏறுகிறதா? இதெல்லாம் எல்லாரும் பார்ப்பது. எனக்கென்று ஒரு கெட்ட பழக்கம் உண்டு — எதை நம்பி இது ஓடுகிறதோ, அதைப் பிடுங்கிவிட்டு வேடிக்கை பார்ப்பேன்.

மழைக்காவல் ஒரு சின்ன மென்பொருள். மழைமானியிலிருந்து அளவைப் படிக்கும். அளவு எல்லை தாண்டினால், சிம் போட்ட ஒரு டொங்கிள் வழியாக லயத்து ஆட்களின் போனுக்கெல்லாம் ‘உடனே வெளியேறுங்கள்’ என்று எஸ்எம்எஸ் போடும். எழுதியவர் யாரென்று தெரியாது. ஒரு புனைபெயர்தான் இருந்தது. ஆனால் மலையை அறிந்தவர் என்று புரிந்தது. அழகான கோட்.

நான் டொங்கிளைப் பிடுங்கினேன். பேய்மழை பெய்வதாக ஒரு பொய்க் கணக்கைக் கொடுத்தேன்.

மெஷின் என்ன சொன்னது தெரியுமா? ‘அனுப்பியாயிற்று.’

சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிட்டது. இன்னொரு தடவை அனுப்பிப் பார்க்கவும் இல்லை... அனுப்ப முடியவில்லை என்று ஒரு முனகல்கூட இல்லை.

எங்கள் பக்கம் மழை இறுகினால் முதலில் போவது கரண்ட். பின்னாலேயே சிக்னல். அப்படியென்றால் இது என்ன? மழை வரும்போது மட்டும் விரியாத குடை!

ரிவியூ பக்கத்தில் எழுதினேன். ஆங்கிலத்தில், மரியாதையாக. ‘நல்ல பணி. ஒரு சிறு கவலை...’ என்று. அங்கே பேச்சு அப்படித்தான். போன் பண்ணுவது கிடையாது, தனியாகப் பேசுவது கிடையாது. எதுவானாலும் அந்தப் பக்கத்திலேயே, எல்லார் கண் முன்னாலும். நல்ல வழக்கம்தான்... சிபாரிசு நுழையாது. ‘நன்றி, வார இறுதியில் திருத்துகிறேன்’ என்று பதில் வந்தது. ‘இப்போதைக்குப் பாஸ் இல்லை’ என்று அடையாளம் போட்டுவிட்டுப் பரீட்சைத் தாள் திருத்தப் போய்விட்டேன். வார இறுதி வந்து போனது. திருத்தம் வரவில்லை. நானும் கேட்கவில்லை.

பாஸ் ஆகாத பேக்கேஜை யாரும் பாவிக்கமாட்டார்கள் — என்னைப் போன்றவர்களின் மண்டைக்குள் இப்படி ஓர் எண்ணம் உட்கார்ந்திருக்கிறது. எழுதியவர் அதைத் தன் சொந்த ஊரில் பொருத்த என் கையெழுத்து எதற்கு? ‘இங்க ஒரு மழை மெஷின் வச்சிருக்காங்கம்மா’ என்று தர்ஷினி எப்போதோ சொன்னாள். எந்த மெஷின் என்று நான் கேட்டேனா?

இரண்டு நாற்பதுக்கு மேல் அவள் போன் போகவில்லை. பிரின்சிபல் போனும் இல்லை. என் வீட்டுக்காரர் ஈஸிசேரிலிருந்து தலையைத் தூக்கினார்.

“என்ன, இன்னைக்கும் ஆரம்பிச்சிட்டியா? அவதான் பயமில்லைன்னு சொல்லிட்டாளே.”

“அவ சொல்லலங்க. மெஷின் கத்தலைங்கிறத வச்சு சொல்றா. அந்த மெஷினு ஊமைங்க!”

“நீ பாஸ் பண்ணாம வச்சிருக்கேன்னியே... அதுவா?”

“அதேதான்.”

அவர் ஈஸிசேரை விட்டு எழுந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வேன்காரரைக் கூப்பிட்டார். “சேர், ரோட்டுல மண்ணு வந்து கெடக்கு. பறந்துதான் போகணும்” என்றாராம் வேன்காரர்.

நான் கம்ப்யூட்டரைத் திறந்தேன். இத்தனை வருஷத்தில் செய்யாத ஒரு வேலையைச் செய்தேன். அந்த ஆங்கிலப் பக்கத்தில், உலகம் முழுக்கப் பார்க்கும் இடத்தில், தமிழில் எழுதினேன்.

“நீங்க யாருன்னு தெரியாது. நான் ஹட்டன்ல ஒரு டீச்சர். உங்க மெஷின் இருக்கிற தோட்டத்துலதான் எம் மக இருக்கா. அங்க சிக்னல் இல்ல. மெஷின் ஒண்ணும் அனுப்பல. சனத்த வெளிய எடுங்க.” கீழே என் போன் நம்பர்.

கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. ஒரு பெண் குரல்.

“டீச்சர்... நான் சுகந்தி. கொழும்புல வேல செய்றேன். அது நான் எழுதுனதுதான். மெஷின் எங்க தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவுல இருக்கு. எங்கப்பாதான் பாத்துக்கிறாரு. காலையிலேருந்து அப்பாவுக்கு லைனே கெடைக்கல டீச்சர்.”

பிள்ளைக் காம்பரா என்றால், கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம்.

“திருத்துறேன்னு எழுதினியேம்மா?”

“ஓபீஸ்ல வேல கூடிருச்சு டீச்சர். அடுத்த கிழம பாப்போம்னு...” குரல் உடைந்தது.

“அழுவாத. இப்ப அழுவாத. அங்க கம்பி போன் எங்கயாவது இருக்கா?”

“தேயில பெக்டரியில ஒண்ணு இருக்கு. பழசு.”

“அதுக்கு அடி. சங்க ஊதச் சொல்லு. நிறுத்தாம ஊதச் சொல்லு!”

வேலைக்கு ஆள் கூப்பிடுகிற சங்கு. டொங்கிளும் வேண்டாம், சிக்னலும் வேண்டாம். கரண்ட் போனாலும் பெக்டரி ஜெனரேட்டரில் ஊதும்.

போன் கிடைத்ததா, சங்கு ஊதியதா... ஒன்றும் தெரியாமல் அந்த இரவு கழிந்தது. அதைப் பற்றி எழுத என்னால் ஆகாது.

விடிந்து வெகுநேரம் கழித்து, ஒரு லொறியில் தொற்றிக்கொண்டு தர்ஷினி வந்தாள். முழங்கால் வரை சேறு. ஒரு காலில் செருப்பு இல்லை. நான் கட்டிப்பிடித்தபோது அவள் அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

சங்கு ஊதியிருக்கிறது. நேரங்கெட்ட நேரத்தில் ஊதியதால் எல்லாரும் வெளியே வந்து நின்றிருக்கிறார்கள். “பெக்டரி கிளாக்கரையா தூங்கி எந்திரிச்சு காலையின்னு நெனச்சிட்டாரு போல!” என்று ஒரு அக்கா சொல்ல, மழையில் நனைந்துகொண்டே சிரித்திருக்கிறார்கள். சங்கு நிற்காமல் ஊதியபிறகுதான் பயம் வந்திருக்கிறது. காம்பராவிலிருந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கோயில் மேட்டுக்கு நடந்திருக்கிறார்கள்.

“ஓடைத்தண்ணி மத்தியானமே செவப்பா வந்துச்சும்மா,” என்றாள். “எல்லாரும் பாத்தோம். முந்தியெல்லாம் அதப் பாத்தாலே மலை சரியப்போகுதுன்னு எந்திரிச்சுப் போயிருவாங்களாம். இந்தத் தடவ எல்லாரும் போனப் பாத்தோம்.”

ஒருவர் மட்டும் மேட்டுக்குப் போகவில்லை.

“வாங்க மாமான்னு கூப்பிட்டேன். ‘நீங்க போங்க டீச்சர். சங்கு கத்துது, மெஷினு கத்தலையே... என்னன்னு பாத்துட்டு வாறேன். பழுதாயிருந்தா புள்ளைக்குச் சொல்லணும்ல’ன்னுட்டு காம்பராவுக்குள்ள போனாரு. நான் திரும்பிப் பாக்கறதுக்குள்ள மேல இருந்து மண்ணு...”

சுகந்தியின் அப்பா.

என் மகள் குளித்தாள், சாப்பிட்டாள், தூங்கினாள். நான் கதவருகில் உட்கார்ந்து அவள் மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு மகள் கிடைத்தாள். அந்த மகளுக்கு அப்பா கிடைக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்தது மரியாதையான ஆங்கிலத்தில் நான் எழுதிய ‘ஒரு சிறு கவலை’.

பிழையைக் கண்டுபிடித்தேனா? கண்டுபிடித்தேன். எழுதி வைத்தேனா? எழுதி வைத்தேன். விதிப்படி எல்லாம் சரி. ஆனால் அந்த மெஷினை நம்பிச் சோறாக்கிக்கொண்டிருந்த ஒரு ஆளுக்காவது அது தெரியுமா? ஊருக்கெல்லாம் திறந்து கிடக்கிற பக்கம்தான்... லயத்தில் யார் அதைப் போய்ப் படிக்கப் போகிறார்கள்? இப்போது எந்தப் பேக்கேஜ் வந்தாலும் நான் கேட்கிற முதல் கேள்வி — ‘இதை ஏற்கெனவே எங்கேயாவது பொருத்திவிட்டீர்களா?’ சக ரிவியூவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கிறது. இருக்கட்டும்.

சாவு வீட்டுக்குப் போக ரோடு இல்லை. ரோடு திறந்தபோது எனக்குத் தைரியம் இல்லை. போய் என்ன சொல்வது?

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த பிறகு, போன ஞாயிற்றுக்கிழமை காலையில் யாரோ கதவைத் தட்டினார்கள். வெள்ளைச் சட்டை, எண்ணெய் காணாத தலை, தோளில் ஒரு பை. சுகந்தி என்று சொல்லாமலே தெரிந்தது. என்ன ஏசினாலும் கேட்டுக்கொள்வது என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

“இருங்கம்மா, தேத்தண்ணி...” என்றார் என் வீட்டுக்காரர்.

அவள் உட்காரவில்லை. பையிலிருந்து, புதிதாகச் செய்த ஒரு மழைக்காவல் மெஷினை எடுத்து எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். அதன் பக்கத்தில் ஒரு சின்ன சைரன் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தது. பிளக்கைச் சொருகினாள். பச்சை விளக்கு எரிந்தது. பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள்.

“டொங்கிள நீங்களே புடுங்குங்க டீச்சர். இந்தத் தடவ இது கத்தலைன்னா, பாஸ் பண்ணாதீங்க.”