தொட்டியில் மிஞ்சியது

கட்டுப்பாட்டு அறையில் எல்லோரும் அவரை 'பெட்ரோல் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். செயற்கைக்கோளில் எவ்வளவு எரிபொருள் மிச்சம் இருக்கிறது என்று சொல்வது அவர் வேலை. கேட்கச் சுலபம்தான். ஆனால் எடையில்லாத இடத்தில் திரவம் தொட்டியின் அடியில் தங்காது; அளவு காட்டும் முள் அங்கே உதவாது. சிறு எஞ்சின்கள் எரிந்த நேரத்தை வைத்துச் செலவானதை ஒவ்வொரு முறையும் கழித்துக்கொண்டே வர வேண்டும். ஒவ்வொரு கழித்தலிலும் ஒரு சின்னப் பிழை. வருடங்கள் போகப் போகப் பிழைகள் சேர்ந்து மிச்சத்தின் அளவுக்கே வளர்ந்துவிடும்.

வீட்டில் இதற்கெல்லாம் மரியாதை கிடையாது. ஸ்கூட்டர் பெட்ரோல் தீர்ந்து நடுரோட்டில் நின்ற அன்று, அதைத் தள்ளிக்கொண்டே கணவர் கேட்டார்: "வானத்துல இருக்கறதுக்குக் கணக்குப் பாக்கறே, வாசல்ல நிக்கறதுக்குப் பாக்க மாட்டியா?"

"அது என் டிபார்ட்மென்ட் இல்லைங்க. தள்ளுங்க."

அக்கா வேலைக்குச் சேர்ந்த வருடம் ஏவிய செயற்கைக்கோளுக்கு வயதாகிவிட்டது. எரிபொருள் தீருமுன், கடைசிக் கொஞ்சத்தை வைத்து அதைப் பல நூறு கிலோமீட்டர் மேலே தள்ளி அணைத்துவிட வேண்டும். தவறினால் மற்ற செயற்கைக்கோள்களின் பாதையில் செத்த பொருளாக அலையும். யாராலும் பிடித்து நிறுத்த முடியாது. அதற்குப் பதிலாகப் புதியதை ஏவும் நாளோ தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

"இந்த வாரமே தூக்கிடணும் சார்," என்றார் அக்கா.

இயக்குநர் நாற்காலியைத் திருப்பினார். "என்னம்மா, இப்படித் தலையில கல்லைப் போடறீங்க? மலைப்பக்கம் பாதி ஊருக்கு போன் இதுலதான். தீந்துடும்னு உறுதியாத் தெரியுமா?"

"தெரியாது சார்."

"அப்புறம்?"

"தெரியலங்கறதாலதான் சொல்றேன். இருக்குன்னு நம்பி விட்டுட்டு, இல்லைன்னு ஆயிட்டா ஒண்ணும் பண்ண முடியாது. போனை வேற சாட்டிலைட்டுக்கு மாத்திக்கலாம். லைன் நெரிசலா இருக்கும், ஜனங்க திட்டுவாங்க. திட்டட்டும்."

முணுமுணுத்துக்கொண்டே இயக்குநர் சம்மதித்தார்.

செயற்கைக்கோள் குறித்த உயரத்துக்கு ஏறியது. அதன் பிறகு தொட்டி காலியாகும்வரை எஞ்சினை எரிக்க வேண்டும்; உள்ளே ஏதாவது மிஞ்சினால் பின்னாளில் வெடிக்கக்கூடும். சற்று நேரத்தில் அணைந்துவிடும் என்று எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். அணையவில்லை. தேநீர் வந்தது, குடித்து முடித்தார்கள், இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"அக்கா, இது இன்னும் அரை வருஷம் ஓடியிருக்கும் போலிருக்கே!" என்று பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். மலைப்பக்கத்துப் புகார்களைக் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த இயக்குநர் சிரிக்கவில்லை.

"ஆமா, தப்பாத்தான் சொல்லியிருக்கேன்," என்றார் அக்கா. "எவ்வளவு தப்புன்னு இப்பத்தானே தெரியுது. நிக்கறவரைக்கும் நேரத்தைக் குறிச்சுக்குங்கப்பா, அடுத்ததுக்கு உதவும்."

சரியாகச் சொன்னவரைப் பாராட்டுவதற்கு யோசிக்க வேண்டியதில்லை. தவறாகச் சொன்னவரைப் பாராட்ட நேரம் பிடிக்கிறது. அறியாததை அறிந்ததுபோல் காட்டாமலிருக்க ஒருவர் எவ்வளவு திட்டு வாங்கத் தயார் என்பதுதான் இங்கே அளவுகோல் என்று தோன்றுகிறது.

எஞ்சின் நின்றதும் அக்கா செயற்கைக்கோளை அணைக்கும் கடைசிக் கட்டளையை அனுப்பினார். திரையில் ஓடிக்கொண்டிருந்த எண்கள் நின்றன. செயற்கைக்கோள் இன்றும் அந்த உயரத்தில்தான் சுற்றுகிறது, யார் வழியிலும் குறுக்கிடாமல்.