மூன்று கியர் வண்டி

என்னிடமுள்ள ஒரு புகைப்படத்தின் பின்புறம் பென்சிலால் நான் எழுதிவைத்த குறிப்பு இது: “சாலைக் கடைவீதி. கொல்லம் 1126 கும்பம், அதாவது 1951 மாசி. இடது பக்கம் இருப்பது நாம் வாங்கியது.” கடைசி வாக்கியம் இல்லையென்றால் இன்று எனக்கே அடையாளம் தெரியாது. இரண்டு மோட்டார் சைக்கிள்கள் அக்கம்பக்கமாக நிற்கின்றன. ஒரே இங்கிலாந்துக் கம்பெனி, ஒரே மங்கிய பச்சை, இரண்டும் யுத்தம் முடிந்தபின் பட்டாளத்தார் ஏலத்தில் விட்டவை. நடுவில் என் அண்ணா. வலது காலை இடுப்புவரை தாங்கும் இரும்புச் சட்டம் கால்சராய்க்குள் மறைந்திருக்கிறது.

மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் அவனுடைய வலது காலை எடுத்துக்கொண்டது. அந்தக் காலோடுதான் மதராசுக்குப் போய் டாக்டருக்குப் படித்து வந்தான். திரும்பி வந்தபின் வேலைக்குக் கூப்பிட்ட இடங்களில் எல்லாம் முதலில் சான்றிதழைப் பார்த்தார்கள், பிறகு காலைப் பார்த்தார்கள். ஒரு வருஷத்துக்குமேல் கரமனையில் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து தெருக்காரர்களின் இருமலுக்கு மருந்து எழுதிக்கொண்டிருந்தான். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தின் மேனேஜர் மட்டும் மறுக்கவில்லை. வாரத்தில் இரண்டு நாள் மலைக்கு வந்து தொழிலாளர்களைப் பார்க்க வேண்டும். ஜீப் அனுப்ப முடியாது. சொந்த வண்டியில் தானே ஓட்டிக்கொண்டு ஒருதரம் மேலே வந்து காட்டினால் வேலை. இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பார்கள்.

மோட்டார் கார் வாங்க வசதியில்லை. அதனால்தான் சாலைக் கடைவீதிக்குப் போனோம். அப்பாவும் வந்தார். வண்டி விற்றவர் நாஞ்சில்நாட்டுப் பிள்ளை. இரண்டு வண்டிகளையும் துணியால் துடைத்து முன்னால் நிறுத்தினார்.

“ரெண்டும் ஒரே அம்மை பெத்ததாக்கும் சாமி. இது இளசு, அது மூப்பு. அவ்வளவுதான் வித்தியாசம்.”

வித்தியாசம் அவ்வளவுதானா என்பதுதான் அன்று காலை முழுவதும் கேள்வியாக இருந்தது. இளைய வண்டிக்கு நான்கு கியர். வலது பாதத்தால் மாற்ற வேண்டும். மூத்ததற்கு மூன்று கியர். பெட்ரோல் டாங்கின் பக்கத்தில் ஒரு நெம்புகோல், வலது கையால் மாற்ற வேண்டும். அண்ணா வண்டியின் வலப்புறம் நின்று, இரும்புச் சட்டத்தின்மேல் முழுப் பாரத்தையும் போட்டு, இடது காலால் உதைத்தான். இளையது ஒரே உதையில் கிளம்பியது. மூத்தது பலமுறை உதைத்தபிறகு மனமில்லாமல் கிளம்பியது.

அப்பா அரசாங்கக் கச்சேரியில் கணக்கராக இருந்தவர். நாலு பெரிசா மூணு பெரிசா என்று கேட்டார். கால் கியரைக் கைக்குக் கொண்டுவர ஒரு கம்பியை வெல்டு வைத்துத் தருவதாகப் பிள்ளை சொன்னதும் அப்பாவுக்கு விஷயம் முடிந்துவிட்டது. அண்ணா முதலில் ஒன்றில், பிறகு மற்றதில், கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தான். மூத்த வண்டியில் அவனுடைய வலது கை கைப்பிடியிலிருந்து டாங்குக்கும் டாங்கிலிருந்து கைப்பிடிக்கும் போய்ப்போய் வந்தது. அவன் ஏற்கெனவே மலையில் இருந்தான் என்று இப்போது தோன்றுகிறது.

“வளைவிலே வெல்டு விட்டுப்போனா நான் மலையிலே நிப்பேன் பிள்ளைவாள். நீர் சாலைக் கடையிலே இருப்பீர்” என்றான்.

“அதுக்காக மூணு கியர வெச்சுப் போனக்காடு ஏறவா? கீழேருந்து தள்ள ரெண்டு ஆளு வேணும் சாமி.”

“நாலாவது கியர் சமதரைக்கு. மலைக்கு வேண்டியது முதல் ரெண்டுதான். அது ரெண்டு வண்டியிலேயும் ஒண்ணுபோலத்தான் இருக்கு, நீரே சொன்னீர்.” அப்பாவைப் பார்த்துச் சிரித்தான். “நான் மூணு வயசிலேருந்து ஒரே கியர்லேதானே நடக்கறேன்.”

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிள்ளை துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, மூத்த வண்டியின் விலையில் கொஞ்சம் தானாகவே குறைத்தார்.

அதன்பின் ஒரு மாதம் ஆற்றங்கரைப் பாதையில் பழகினான். ஏறும்போது இடது காலில் நின்று, வலது காலைக் கையால் தூக்கி இருக்கைக்கு அப்பால் போடுவான். எங்கே நிறுத்தினாலும் வண்டியை இடப்பக்கம் சாய்த்துத்தான் நிறுத்துவான். மலைக்குத் தனியாகப் போகக்கூடாது என்று அப்பா பிடிவாதமாக இருந்தார். ஆனால் அவர் பின்னால் உட்காரத் தயாரில்லை. கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டிலிருந்தவள் நான்தான். தெரு விழிக்கும் முன் போய்விடலாம் என்று விடியலில் புறப்பட்டோம். வண்டிச் சத்தத்தில் தெருவே வாசலுக்கு வந்து, ஒருச்சாய்த்து உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தது.

நெடுமங்காடும் விதுரையும் கடந்து மலைப்பாதை தொடங்கியதும்தான் அவன் அன்று சாலைக் கடைவீதியில் எதை யோசித்தான் என்று எனக்குப் புரிந்தது. கியர் மாற்ற வலது கை கைப்பிடியை விட வேண்டும். விட்டால் என்ஜினுக்குப் பெட்ரோல் குறையும், ஏற்றத்தில் வண்டி உடனே தளரும், அந்த நேரத்தில் வண்டி முழுவதும் இடது கையில் இருக்கும். அவன் ஒருமுறைகூட வளைவுக்குள் கியர் மாற்றவில்லை. ஒவ்வொரு வளைவையும் முன்கூட்டியே பார்த்து, அதற்கு முன்னாலேயே கையை எடுத்து வைத்து முடித்திருந்தான்.

ஆனால் தோட்டத்துக்குச் சற்றுக் கீழே வளைவு ஒன்று மற்றவற்றைவிடச் செங்குத்து. முதல் கியரிலேயே வண்டி திணறியது. வேகம் நடைக்கு வந்தது. நின்றுவிட்டால் அந்தச் சரிவில் அவனால் வலப்புறம் இறங்கி நின்று உதைத்துக் கிளப்ப முடியாது. எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. அவனிடம் சொல்லாமல் குதித்தேன். விழவில்லை. அவன் திரும்பிப் பார்க்காமல் வளைவில் மறைந்தான்.

பிறகு நான் கேட்டது சத்தம் மட்டும்தான். என்ஜின் ஏறி ஏறிச் சென்றது. திடீரென்று அறுந்தது. மரங்களுக்கு நடுவே ஒன்றுமே இல்லை. அவன் கை கைப்பிடியிலிருந்து டாங்குக்குப் போயிருக்கிறது என்று எனக்குத் தெரியும். திரும்பி வந்ததா என்று தெரியவில்லை. அந்த இடைவெளியில் நான் மூச்சுவிட்டதாக நினைவில்லை. பிறகு இரண்டாவது கியரின் சத்தம், கீழ்ஸ்தாயியில், நிதானமாக எழுந்தது. இத்தனை வருஷத்தில் எவ்வளவோ பாட்டுக் கச்சேரிகள் கேட்டிருக்கிறேன். அதுபோல ஒன்றை நான் கேட்டதில்லை.

நான் நடந்து மேலே போனபோது வண்டி மருந்தகத்தின் முன்னால் இடப்பக்கம் சாய்ந்து நின்றது. மேனேஜர் அதைச் சுற்றிவந்து பார்த்துக்கொண்டிருந்தார். கொழுந்துக் கூடைகளோடு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, அண்ணா உள்ளே ஒரு குழந்தையின் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். “வாசல்லே நிக்காதே, வெளிச்சம் மறைக்கறது” என்று மட்டும் சொன்னான். வேலை அவனுக்குக் கிடைத்துவிட்டது என்று அதிலிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

போன வருஷம் அந்த வளைவில் பஸ்ஸில் போனேன். ஓட்டுநர் பக்கத்திலிருந்தவரோடு பேசிக்கொண்டே கியரை மாற்றினார். எனக்கு மட்டும் மூச்சு நின்று வந்தது.

வீடு திரும்பிய அன்று அண்ணா அப்பாவிடம், மூணு கியரிலே ரெண்டு பேரும் தோட்டத்து வாசல்வரை ஏறினோம் என்றான். இறக்கும்வரை எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னான். நான் வளைவில் குதித்ததை அறியாமல், தோட்டத்து வாசலில்தான் இறங்கிக்கொண்டேன் என்று அவன் நினைத்தானா, அல்லது பாரம் குறைந்ததை வண்டி அவனுக்குச் சொல்லி, என்னையும் அந்த ஏற்றத்தில் சேர்த்துக்கொண்டானா என்பதை நான் கேட்கவில்லை. அது இன்னும் சரிபார்க்கப்படாமலே இருக்கிறது.