கணக்கு சார் நூலகத்துக்கு வந்த காரணம்

பாளையங்கோட்டையில் நான் நூலகராக இருக்கும் பள்ளிக்கூடத்தில், போன வருஷம் வகுப்புக்கு வகுப்பு ஸ்மார்ட் போர்டு மாட்டினார்கள். நூலகத்திலும் ஒன்று. மாட்டியவர்கள் அரை மணி நேரம் விளக்கிவிட்டுப் போனார்கள். ஆசிரியர்கள் எல்லாரும் தலையாட்டினார்களே தவிர, ஒருவருக்கும் புரியவில்லை. தினமும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவன் நான்தான் என்பதால், சந்தேகம் இருந்தால் என்னிடம் கேட்கச் சொல்லிவிட்டார் தலைமையாசிரியை. நான் அதில் புத்தகப் பெயர்களை மட்டுமே பதிந்துகொண்டிருந்தேன். அதைச் சொல்லத் தைரியம் வராமல், வீட்டில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

முதலில் வந்தவர் கணக்கு சார். சீவலப்பேரியிலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறவர். ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்தது. அவர் வராந்தாவில் நடந்தால் பக்கத்து வகுப்புகளும் அடங்கிவிடும். அதுவரை நூலகத்துக்குள் அவரை நான் பார்த்ததே இல்லை. உள்ளே வந்து கதவைப் பைய சாத்தினார்.

"வே, அந்தப் போர்டுல எழுதிட்டேன். அழிய மாட்டேங்கு."

"எதை வச்சு எழுதினீங்க சார்?"

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். பார்சலில் விலாசம் எழுதுகிற மார்க்கர்.

ஆய்வகத்தில் ஸ்பிரிட் வாங்கிப் போய், பிள்ளைகள் விளையாட்டு வகுப்பிலிருந்து திரும்புவதற்குள் துடைத்தோம். அதாவது நான் துடைத்தேன், அவர் வாசலில் காவல் நின்றார்.

"இனி மத்தியானம் வருதேன். சொல்லித்தாரும். யார்ட்டயும் சொல்லிராதேயும். கேட்டா, புத்தகம் எடுக்க வந்தேன்னு சொல்லிக்கிடுதேன்."

சொன்னபடி, போகும்போது கதவோரத்து அலமாரியில் கைக்கு அகப்பட்ட புத்தகத்தை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். நாட்டுக்கோழி வளர்ப்பு. மறுநாள் திருப்பிக் கொடுத்துவிட்டு, போகும்போது மறுபடி அதையே எடுத்தார். நானும் விதிப்படி ஒவ்வொரு தடவையும் பதிந்தேன்.

சூடான இஸ்திரிப்பெட்டியைத் தொடுவதுபோலத்தான் முதலில் போர்டைத் தொட்டார். ஒருநாள் விரலால் முக்கோணம் வரைந்தார். போர்டு உடனே கோடுகளை நேராக்கிக் கொடுத்தது. அவருக்கு முகம் மாறிவிட்டது. கோணமானியை எடுத்து வந்து அளந்தார்.

"நான் போட்டது சரியா அறுபது டிகிரி. இது அம்பத்தெட்டாக்கி வச்சிருக்கு. எனக்கே திருத்தம் போடுதா இது?"

அந்த வசதியை அணைத்து வைக்க நான் ஒரு மணி நேரம் தேடினேன்.

இரண்டு மாதம் கழித்து, புத்தக வாரத்துக்காகத் தலைமையாசிரியை என்னிடம் பதிவுகளைக் கேட்டு வாங்கினார். காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில்தான் விஷயம் தெரிந்தது. ஆசிரியர்களில் அதிகத் தடவை புத்தகம் எடுத்தவர் கணக்கு சார். பொன்னாடை போர்த்தி, படித்ததில் பிடித்ததைப் பேசச் சொன்னார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் கொடிக்கம்பத்தைப் பார்த்தேன்.

மைக்கைப் பிடித்தார். "கோழி முட்டை இருபத்தோரு நாள்ல பொரிக்கும்" என்றார். பிறகு பொன்னாடையைத் தோளிலிருந்து எடுத்தார்.

"புள்ளைகளா, நான் ஒரு புத்தகமும் படிக்கல. போர்டு பழகத்தான் போனேன். இந்த வயசுல கத்துக்கிடுதது வெளிய தெரிஞ்சா வெக்கம்னு புத்தகத்தைக் கையில வச்சுக்கிட்டேன். பரிசு எனக்கில்ல." பொன்னாடையை மடித்துத் தலைமையாசிரியையிடம் கொடுத்தார்.

சிரிக்கலாமா கூடாதா என்று பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. முதலில் சிரித்தது தலைமையாசிரியைதான்.

அன்று மத்தியானம் கணக்கு சார் கதவைத் திறந்துபோட்டே உட்கார்ந்தார். தமிழ் ஐயாவும் வரலாறு டீச்சரும் பின்னாலேயே வந்தார்கள். "எங்களுக்கும் ஒண்ணும் தெரியல" என்றார் ஐயா. எனக்கும் முந்தின நாள் வீடியோவில் பார்த்தது வரைதான் தெரியும் என்று அப்போது ஒப்புக்கொண்டேன். பெரிய ஆறுதலாக இருந்தது.

நாலு பேருமாகச் சேர்ந்து போர்டில் சத்தம் கூட்டுகிற இடத்தைக் கண்டுபிடித்தோம். குறைக்கிற இடம் அகப்படுவதற்குள் தலைமையாசிரியையே வந்துவிட்டார். திட்டவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "முதல்ல இருந்து சொல்லுங்க" என்றார்.