அடுக்குக்குள் புகுந்த ராசிபுரத்து மூச்சு

இன்று ஆத்தூர்க் கடை ஒன்றில் ஒருவர் மரவள்ளி மாவை உள்ளங்கையில் வைத்து ஊதிப் பார்த்தார். எனக்கு ஒரு பழைய ரயில் பயணம் நினைவுக்கு வந்தது.

எண்பதுகளில் நான் ஆராய்ச்சி மாணவன். என் சரக்கு மெக்னீசியமும் அலுமினியமும் சேர்ந்த ஹைட்ராக்சைடு. பார்க்க வெள்ளை மாவு. உள்ளே ஏடு ஏடாக அடுக்குகள். அந்த இடுக்குகளில் பென்சோயேட் அயனிகளை நுழைத்திருந்தேன். அவை உள்ளே எப்படி இருக்கின்றன என்று பார்க்க, பெங்களூரில் என்.எம்.ஆர். கருவி ஒரே ஒரு நாள் கிடைத்தது.

காற்று மட்டும் படக்கூடாது. பட்டால் கரியமில வாயு கார்பனேட்டாகி, என் அயனியை வெளியே தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். அதனால் மாவைச் சீசாவில் போட்டு மெழுகு வைத்து மூடியிருந்தேன்.

சேலத்தில் ரயில் ஏறினேன். எதிரே ராசிபுரத்து ஜவ்வரிசி ஆலைக்காரர்.

"ஏனுங்க தம்பி, கெழங்கு மாவுங்களா?"

"இல்லைங்க, ஆராய்ச்சிக்கு."

அவர் நம்பவில்லை.

ஜோலார்பேட்டையில் டீ வாங்கித் திரும்பினால், சீசா திறந்திருக்கிறது. மாவு அவர் உள்ளங்கையில். ஊதிக்கொண்டிருக்கிறார்.

"நயம் சரக்குங்க தம்பி. துளிகூடக் கலப்படமில்லீங்க" என்றவர், மிச்சத்தைச் சிந்தாமல் சீசாவிலேயே திருப்பிப் போட்டார்.

பெங்களூரில் வரைபடம் வந்தது. என் அயனியின் முகடு ஓரமாகக் குனிந்து நின்றது. நடுவில் கார்பனேட் ஓங்கி நின்றது.

கருவியை இயக்கியவர் கேட்டார்: "இது எங்கிருந்து வந்தது?"

"ராசிபுரத்திலிருந்து" என்றேன்.

ஆய்வேட்டில் அந்த ஆலைக்காரரை 'வளிமண்டலக் கலப்பு' என்று குறிப்பிட்டிருக்கிறேன். உங்கள் ஆய்வேட்டில் யாரை என்னவென்று எழுதினீர்கள்?