இரண்டு தெருவுக்கும் ஒரே குழி

அவள் பெயரை முதலில் என் காதில் போட்டவள் என் நாத்தனார். பெயர் என்றால் பெற்றவர்கள் வைத்ததில்லை, பட்டப்பெயர்.

"அண்ணி, சேதி தெரியுமா? உங்க அண்ணன் மகன் ஒரு பாட்டில்காரியக் கட்டிக்கப் போறானாம்."

"என்ன பாட்டில்? எண்ணெயா, மருந்தா?"

"சாக்கடைத் தண்ணி! தெருக்குழி மூடியத் திறந்து, பாட்டிலக் கயித்துல கட்டி எறக்கி, மொண்டு எடுத்துட்டுப் போறாளாம். அதுக்குச் சம்பளம் வேற!"

எங்கள் வகையறாவில் மாவுமில் வைத்தவர் உண்டு, ரயிலில் டிக்கெட் பார்த்தவர் உண்டு, பெரியப்பாவின் மூத்த மருமகன் கடிகாரம் பழுது பார்த்தார். சாக்கடை மொண்டவர் யாருமில்லை. அவள் முதன்முதலாக வீட்டுக்கு வந்தபோது அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கைகளைவிடச் சுத்தமாக இருந்தன. அதற்காகவும் கொஞ்சம் கோபப்பட்டேன்.

கல்யாணம் முடிந்து அவள் அண்ணன் வீட்டு மருமகளான பிறகுதான் வேலை இன்னதென்று விளங்கியது. கொரோனா வந்தவர் உடம்பிலிருந்து கிருமி கழிவறை வழியாகவும் போகுமாம். டாக்டரிடம் போகாதவர், வெளியே சொல்லாதவர், எல்லாருடையதும் குழாயில் வந்து சேரும். இவள் அதை ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வுக்கூடத்தில் கொடுப்பாள். பழைய கிருமியா, உருமாறி வந்த புதியதா என்று அங்கே பிரித்துச் சொல்வார்கள். புதியதற்கு எழுத்தும் எண்ணுமாக ஒரு பெயர், பஸ்ஸுக்கு வைப்பதுபோல.

என் அண்ணனுக்கு மாற்றுச் சிறுநீரகம். உடம்பு அதைத் தள்ளிவிடாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். அந்த மாத்திரை கிருமியோடு சண்டை போடும் சக்தியையும் சேர்த்து அடக்கிவிடும். எங்கள் அப்பா பெற்றதில் மிச்சம் நாங்கள் இருவர்தான்.

"அத்தை, மாமாவுக்குக் கொரோனாத் தடுப்பூசி போட்டாலும் அரைகுறையாத்தான் வேலை செய்யும். சுத்தியிருக்கிற நாமதான் அவருக்கு வேலி. புது ஊசி வந்திருக்கு, போட்டுக்குங்க" என்றாள் பாட்டில்காரி.

"எத்தன தடவம்மா குத்திக்கிறது? நான் என்ன தையல் மிஷின்ல மாட்டுன துணியா?"

"கிருமி வேஷம் மாத்திட்டு வருதே அத்தை."

"வரட்டும். எனக்குக் கண்ணே சரியாத் தெரியாது. அது எந்த வேஷத்துல வந்தா எனக்கென்ன?"

நான் சொன்னதை நானே ரசித்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. இருமலோடு யாரும் மாமா அறைக்குள் வரக்கூடாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

எனக்கு இருமல் வந்தது. தூசி என்று எனக்கு நானே வைத்தியம் சொல்லிக்கொண்டேன். சிறுநீரகச் சோதனைக்கு ஆஸ்பத்திரி போய்த் திரும்பியிருந்த அண்ணன், தங்கச்சியைப் பார்க்கவேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார். இருமல் கொஞ்சம் அடங்கட்டும் என்று காத்திருந்தபோதுதான், என் வீட்டு வாசலுக்கு எதிரே பாட்டில்காரி குழி மூடியைத் திறப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என் வீட்டுக் குழாய் அந்தக் குழிக்குத்தான் போகிறது. பாட்டிலில் நான் அகப்பட்டுக்கொண்டால் அண்ணன் வீட்டுக் கதவு எனக்குச் சாத்திக்கொள்ளும்.

மூளையைக் கசக்கினேன். அது கொடுத்த யோசனைப்படி, அன்றிலிருந்து பின்தெருவில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்கு ஓட ஆரம்பித்தேன். முழங்கால் வலிக்காரி, காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தெரு முனை திரும்புவதை நினைத்துப் பாருங்கள்.

"ஏன் அண்ணி, உங்க வீட்டுக் கக்கூஸ் என்னாச்சு?"

"அடைச்சுக்கிட்டிருக்கு."

"ஆள வரச் சொல்லட்டுமா?"

"வேணாம், தானாச் சரியாயிடும்."

"தானாச் சரியாக அது என்ன உங்க கோவமா?"

இருமல் தணிந்ததுபோல் இருந்த ஒரு நாள் அண்ணனுக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கி வைத்தேன். வாயில் இருமல் மிட்டாயை அடக்கிக்கொண்டு செருப்பை மாட்டினால், வாசலில் பாட்டில்காரி முகக்கவசத்தோடு நிற்கிறாள்.

"அத்தை, நம்ம ஏரியாக் குழியில புது ரகம் வந்திருக்கு. அதான் சொல்லிட்டுப் போகலாம்னு..."

"அதெப்படி என்னுது அகப்பட்டுச்சு? நான்தான் நாத்தனார் வீட்டுக்குல்ல போனேன்!"

அவள் என்னையே பார்த்தாள். அப்புறம் படியில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அத்தை, அதுல யாரு பேரும் எழுதியிருக்காது. எத்தனையோ வீட்டுத் தண்ணி அது."

"அப்போ நான்னு தெரியாதா?"

"இப்போ தெரியும். அதுவும் போக, ரெண்டு தெருவும் ஒரே குழிக்குத்தான் வருது."

சட்டென்று அவள் சிரிப்பு நின்றது. "மாமாகிட்டப் போனீங்களா?"

"இல்லம்மா. இப்பத்தான் செருப்பே மாட்டினேன்."

அவள் மூச்சு விட்ட சத்தம் முகக்கவசத்துக்கு வெளியே கேட்டது. பையிலிருந்து பரிசோதனைக் குச்சியை எடுத்து என் மூக்கில் விட்டு, அட்டையில் சொட்டினாள்; இரண்டு கோடு விழுந்தால் கொரோனா. இரண்டு கோடு. அடுத்து நாத்தனாருக்கும் இரண்டு கோடு. "கக்கூஸ் குடுத்ததுக்கு நல்லாக் குடுத்தீங்க அண்ணி, பரிசு!" என்று அவள் போனில் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

ஆரஞ்சுப் பழங்களை நானே தின்றேன். அண்ணன் போனில், "என்னப் பாக்கறதுக்கா இந்தக் காலோட அத்தன நட நடந்த?" என்று சிரித்தார். உடம்பு தேறி, டாக்டர் சொன்ன காலம் கழித்து நானும் நாத்தனாரும் ஒன்றாகப் போய்ப் புது ஊசி போட்டுக்கொண்டோம். அதற்கப்புறம்தான் ஜன்னலெல்லாம் திறந்துவைத்து, முகக்கவசத்தோடு அண்ணன் எதிரில் உட்கார்ந்தேன்.

பாட்டில்காரி இப்போதும் நகராட்சிக் கழிவுநீர் நிலையத்தில்தான் வேலை பார்க்கிறாள். மருமகளாக அண்ணன் வீட்டிலேயே இருக்கிறாள். வியாழக்கிழமைகளில் எங்கள் தெருக் குழிக்கு வருகிறாள்.