பச்சைத் தாள்

எண்பதுகளில் ஒரு நாடகக் குழுவில் லைட் போட்டுக்கொண்டிருந்தேன். போளூரில் நாடகம் முடிந்ததும் ஊரார் எனக்கும் ஒரு மாலை கொண்டுவந்தார்கள். “லைட்டுக்காரனுக்கு இன்னாத்துக்கு மாலை?” என்று ராஜா வேடம் கட்டும் ராஜபார்ட் அதைப் பிடுங்கித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

அடுத்த நாடகம் ஜவ்வாது மலையில். முகத்தில் சிவப்புச் சாயத்தோடு அவர் மேடையேறியதும், விளக்கின் முன் பச்சைக் கண்ணாடித் தாளைச் செருகினேன். பச்சை வெளிச்சத்தில் சிவப்பு கறுத்துவிடும். கரி அப்பிய முகத்தோடு அவர் வீரவசனம் பேச, “கரிமூஞ்சி” என்று கத்திச் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

உள்ளே வந்தவர் மேக்கப்காரர் மேல் கை ஓங்கினார். குறுக்கே போய் நின்றேன். “அவரு இல்ல, நாந்தான் லைட்ட மாத்துனேன்.”

“போடா, லைட்டு இன்னாடா பண்ணும்?” என்று என்னைத் தள்ளிவிட்டு அவரையே அறைந்தார்.

அறை வாங்கியவர் என்னை மன்னித்துவிட்டார். நான் பழிவாங்கியதுகூட ராஜபார்ட்டின் கண்ணில் படவில்லையே என்ற ஆத்திரம் மட்டும் இன்றும் ஆறவில்லை.