ஜூரோங்காரருக்குப் பூஜ்யம்

"சனிக்கிழமை. மாலை 5.10. புக்கிட் மேரா, கூரை போட்ட திடல். நாம் 46, அவர்கள் 45. கேப்டன் 19, நகைக்கடைக்காரர் 12, மற்ற மூவர் சேர்ந்து 15, ஜூரோங்காரர் 0. வெளியே மழை இல்லை."

இது என் நோட்டில் உள்ளபடி. அங்கே பெயர்கள் இருக்கின்றன. இங்கே வேண்டாம் என்று எடுத்துவிட்டேன். எண்களை இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன், பிழை இல்லை. பிழை இல்லாத ஒரு குறிப்பைப் படிக்கும்போது இப்படிக் கூசும் என்று அதை எழுதியபோது எனக்குத் தெரியாது.

எங்களுடையது முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் கூடைப்பந்து அணி. சிங்கப்பூரில் ஒரு வட்டார லீக்கில் கடைசி வரிசையில் ஆடுகிறோம். எனக்கு முழங்கால் போனபிறகு பெஞ்சில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதுகிறேன். தேதி, நேரம், வானிலை, யார் எத்தனை புள்ளி என்று ஒன்றையும் விடுவதில்லை. ஆட்டம் முடிந்ததும் பஸ் பிடித்து லிட்டில் இந்தியாவுக்குப் போய், சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்காருவோம். நான் நோட்டை எடுத்துப் படிப்பேன். ஆளாளுக்குக் கை தட்டுவார்கள்.

ஜெர்சிகள் அணிக்குப் பொதுவானவை. யாராவது ஒருவர் மொத்தத்தையும் வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைத்து வரவேண்டும். முதலில் முறை வைத்துப் பார்த்தோம். ஒருவர் மறந்தார், ஒருவர் வெளியூர் போனார், ஒருவர் ஈரத்தோடு மடித்துக் கொண்டுவந்தார். அதைப் போட்டுக்கொண்டு ஆடியபோது எங்கள் நாற்றம் எங்களுக்கே தாங்கவில்லை. அப்போது நான் ஒரு யோசனை சொன்னேன். யாருடைய புள்ளி குறைவோ அவருக்கு ஜெர்சி மூட்டை. நோட்டு இருக்கிறது, சண்டைக்கு இடமில்லை. எல்லோரும் சிரித்து ஒத்துக்கொண்டார்கள். நல்ல ஏற்பாடு செய்துவிட்டதாக நான் மகிழ்ந்துகூடப் போனேன்.

அந்த ஏற்பாடு எங்கள் ஆட்டத்தை அழித்தது. மூட்டைக்குப் பயந்து எல்லோரும் வளையத்தைப் பார்த்து எறியத் தொடங்கினார்கள். நன்றாக நிற்கும் கூட்டாளிக்குப் பந்தைக் கொடுத்தால் புள்ளி அவர் பெயரில் விழும், மூட்டை நம் தோளில் விழும். நடுத்திடலிலிருந்து எறிந்தார்கள். மூன்று பேர் கைக்குள்ளிருந்து எறிந்தார்கள். வயது வந்தவர்கள், பிள்ளை குட்டி உள்ளவர்கள், ஒரு மூட்டை ஈரச் சட்டைகளுக்குப் பயந்து. அதை வாரந்தோறும் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு புள்ளியையும் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டிருந்தேன்.

எறியாதவர் ஒருவர்தான். ஜூரோங்கில் ஒரு ஷிப்யார்டில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர். எதிரணியின் நல்ல ஆட்டக்காரரை மறித்துக்கொண்டு நிற்பார், பந்து கிடைத்தால் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுப்பார். அதனால் மூட்டை பெரும்பாலும் அவருக்கே போனது. எம்ஆர்டி ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு ஜூரோங் வரை போவார். பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து போய்விடுவார் என்று அவரே சொல்லிச் சிரித்திருக்கிறார். நானும் சிரித்திருக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்பு கேப்டன் குழு வாட்ஸ்அப்பில் எழுதினார். தன் ஆபீசில் உயரமான ஒருவர் இருக்கிறார், ஸ்கோர் பண்ணுவார், பார்க்க வருகிறார். அடுத்த சீசனுக்கு ஓர் இடம் காலி செய்யவேண்டியிருக்கும். யாருடைய இடம் என்று எழுதவில்லை. எழுதத் தேவையிருக்கவில்லை. ஜூரோங்காரர் பதில் போடவில்லை. ஆனால் இரவு ஷிஃப்டை வேறொருவரோடு மாற்றிக்கொண்டு, தூங்காமல், எல்லோருக்கும் முன்பே திடலுக்கு வந்துவிட்டார்.

வந்தவர்கள் ஆறு பேர்தான். எதிரணி எங்களைப் படித்துவைத்திருந்தது. கேப்டன் மேல் இரண்டு பேரைப் போட்டார்கள்; ஜூரோங்காரரைக் கண்டுகொள்ளவே இல்லை. அவர் தனியாக நின்று கையைத் தூக்கிக் காட்டினார். கேப்டன் அவரைப் பார்த்தார். நான் பெஞ்சிலிருந்து பார்த்தேன், கேப்டன் அவரை நன்றாகவே பார்த்தார். பார்த்துவிட்டு இரண்டு பேர் தலைக்கு மேலாக எறிந்தார். பந்து பலகையில் பட்டு வெளியே போனது. இப்படியே போய், கடைசிப் பகுதியில் ஆறு நிமிடம் மிச்சமிருக்க 31க்கு 40 என்று பின்தங்கினோம். எரிச்சலில் கேப்டன் ஒருவரைத் தள்ளிவிட்டார். அது அவருடைய ஐந்தாவது ஃபவுல். வெளியே போகவேண்டியதுதான்.

டைம் அவுட். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் நோட்டைப் பார்த்தேன்.

ஜூரோங்காரர்தான் வாயைத் திறந்தார். "அண்ணே, இவ்ளோ நேரம் ரெண்டு பேரு கேப்டனப் பாத்துக்கிட்டு இருந்தானுங்க. இப்போ யாரப் பாக்கிறதுன்னே அவனுங்களுக்குத் தெரியாது. பந்த என்கிட்ட குடுங்க. நான் வச்சுக்க மாட்டேன்."

"அப்புறம் நான் என்னா பண்ணணும்?" என்றார் நகைக்கடைக்காரர். மூச்சு வாங்கியது அவருக்கு.

"நீங்க ஓடவே வேணாம்லா. அந்த இடது மூலையில நில்லுங்க. பந்து வரும்."

"வரலைன்னா?"

"வரும்ணே. நில்லுங்க."

வந்தது. ஜூரோங்காரர் பந்தோடு நடுவே புகுவார், இரண்டு பேர் அவர்மேல் விழுவார்கள், அதற்குள் பந்து வேறொருவர் கையில் இருக்கும். நகைக்கடைக்காரர் வயிற்றைத் தூக்கிக்கொண்டு மூலையிலேயே நின்று ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டார். பல மாதங்களாக மறந்துபோன ஓர் ஆட்டத்தை ஐந்து பேர் ஆறு நிமிடம் ஆடினார்கள். கடைசிக் கூடைக்கு முன்னால் ஜூரோங்காரருக்கு எதிரே ஆளே இல்லை, அவரே போட்டிருக்கலாம். அவரைவிட வளையத்துக்குக் கீழே இன்னொருவர் நெருக்கமாக நின்றார். அவருக்குக் கொடுத்தார். 46க்கு 45.

இதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

கடையில் தே ஓ, பால் சேர்க்காத தேநீர், வந்தது. கேப்டன் பக்கத்தில் அந்த உயரமானவர் உட்கார்ந்திருந்தார். கேப்டன் மேசையைத் தட்டினார். "அண்ணே, நோட்ட எடுங்க. படிங்க."

படிக்காமல் இருந்திருக்கலாம். நோட்டைத் திடலில் விட்டுவிட்டேன் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எனக்குக் குறிப்பில் பொய் சொல்லிப் பழக்கமில்லை என்ற திமிர் இருந்தது. படித்தேன். கடைசி வரிக்கு வந்ததும், "முட்டை!" என்று யாரோ கத்தினார். "முட்டை போட்டவனே, மூட்டையத் தூக்குடா!" சிரிப்பு. நகைக்கடைக்காரரும் சிரித்தார், சிரித்துவிட்டுக் கோப்பைக்குள் பார்த்தார்.

"ஜெயிச்சது ஓகேலா," என்றார் கேப்டன். "ஆனா டீமுக்கு ஸ்கோர் பண்றவன்தான் வேணும். நான் சொல்லல, அண்ணன் நோட்டு சொல்லுது. பத்தொன்பது எங்க, பூஜ்யம் எங்க?" ஆட்டத்தின் மிக முக்கியமான ஆறு நிமிடங்களை வெளியே உட்கார்ந்து கழித்தவர், வாயில் வடையோடு இதைச் சொன்னார்.

ஜூரோங்காரர் என் பக்கம் திரும்பினார். கோபம் தெரியவில்லை. "அண்ணே, அந்த நோட்டுல பாஸ் குடுத்தத எழுத எடம் இல்லியா?"

"இல்ல," என்றேன்.

இருந்த உண்மையைச் சொன்னேன். அதைவிடக் கேவலமான ஓர் உண்மையை நான் சொன்னதில்லை. இடம் இல்லையென்றால் கோடு போட எவ்வளவு நேரமாகும்? பேனா கையில்தான் இருந்தது. பழைய போர்களைப் பற்றிய நாட்குறிப்புகள் நிறையப் படித்திருக்கிறேன். விழுந்த தலைகளை எண்ணியவர்கள் தண்ணீர் சுமந்தவர்களை எண்ணாமல் விட்டதைப் படித்துப் பென்சிலால் ஓரத்தில் குறை எழுதியிருக்கிறேன். அந்தப் பென்சிலும் என்னுடையதுதான்.

அவர் தே ஓவைக் குடித்து முடித்தார். மூட்டையைத் தூக்கிக்கொண்டு, "வரேண்ணே" என்று எனக்கு மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வியாழக்கிழமை என் வீட்டுக் கேட்டில் ஒரு பை தொங்கியது. துவைத்து, இஸ்திரி போட்டு, எண் வரிசைப்படி அடுக்கிய ஜெர்சிகள். குழு வாட்ஸ்அப்பிலிருந்து அன்று காலையே அவர் விலகியிருந்தார். உயரமானவர் இப்போது அவருடைய எண்ணில் ஆடுகிறார், நன்றாகவே எறிகிறார். நாங்கள் அதற்குப்பின் ஜெயிக்கவில்லை. ஸ்கோர் எழுதுவதை நான் விட்டுவிட்டேன், வேறு யாரோ போனில் எழுதுகிறார்கள்.

அந்த ஆறு நிமிடங்களில் நாங்கள் போட்டவை ஏழு கூடைகள். இது நோட்டில் இருக்கிறது. அவற்றில் எத்தனைக்கு அவர் பந்து கொடுத்தார் என்பது இல்லை. ஏழுக்கும் என்கிறார் நகைக்கடைக்காரர். ஐந்து இருக்கும் என்கிறார் இன்னொருவர். கவனிக்கவில்லை என்கிறார் கேப்டன். எதிரணியின் ஸ்கோர்காரருக்கு எழுதிக் கேட்டேன். அவருடைய தாளிலும் புள்ளிகள் மட்டுமே. ஜூரோங்காரரிடம் கேட்க எனக்கு முகமில்லை. ஆகவே அந்த எண் இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.